2147483647 ஏன் பகா எண், அதைக் கையால் சரிபார்ப்பது எப்படி

கேள்வி: மை எஸ்க்யூஎல்-இல் ஒரு பதிவுப் படிவம் செய்தேன். எந்த மொபைல் எண்ணைக் கொடுத்தாலும் 2147483647 என்றே சேமிக்கிறது. தேடிப் பார்த்தால் இது புகழ்பெற்ற பகா எண் என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பத்து இலக்க எண்ணைப் பகா எண் என்று எப்படி நிரூபித்தார்கள்?

பதில்:

டேட்டாபேஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மொபைல் எண்ணுக்கு நீங்கள் 'இன்ட்' வகை ஃபீல்டு வைத்திருக்கிறீர்கள். அதற்கு 32 பிட் இடம். ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31. அந்த 31 பிட்டும் 1 ஆக இருந்தால் வரும் மதிப்பு 2³¹ − 1. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. மிகச் சிறியதே 600 கோடியைத் தொடும். ஒன்றுகூட இந்த ஃபீல்டுக்குள் அடங்காது. அடங்காத மதிப்பை மறுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோடு' அணைந்திருந்தால் மை எஸ்க்யூஎல் பிழை சொல்லி நிறுத்தாது. ஒரு எச்சரிக்கையைப் பதிந்துவிட்டு, ஃபீல்டில் அடங்கும் உச்ச மதிப்பை எழுதிவிடும். 5.7 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோடு இயல்பாகவே இயங்குகிறது. பழைய சர்வர்களிலும், யாராவது அணைத்து வைத்த இடங்களிலும்தான் இன்னும் இப்படி நடக்கும்.

'அன்சைன்டு' ஆக மாற்றினால் உச்சம் 4294967295 ஆகும்; 429 கோடி, அதுவும் போதாது. 'இன்ட்(10)' என்று எழுதியதால் பத்து இலக்கம் கொள்ளும் என்று நினைப்பது பலர் செய்யும் பிழை. அந்த 10 காட்டும் அகலம் மட்டுமே, கொள்ளளவு மாறாது. 'பிக்இன்ட்' தாங்கும், ஆனால் முன்னால் வரும் பூஜ்யமும் +91-இன் கூட்டல் குறியும் தொலைந்துபோகும். மொபைல் எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. 'வார்கேர்(16)' வையுங்கள்: பன்னாட்டு விதிப்படி நாட்டுக் குறியீட்டோடு அதிகபட்சம் 15 இலக்கம், கூட்டல் குறிக்கு ஒன்று. ஏற்கெனவே 2147483647 ஆகிவிட்ட பதிவுகளை ஃபீல்டு வகையை மாற்றி மீட்க முடியாது. அசல் எண் சேமிக்கப்படவே இல்லை. அந்த ஃபீல்டில் 'யுனிக்' விதி இருந்திருந்தால் இரண்டாவது ஆளைப் பதியும்போதே "2147483647 ஏற்கெனவே உள்ளது" என்ற பிழை வந்து உங்களைக் காப்பாற்றியிருக்கும்.

இனி எண்ணுக்கு வருவோம்.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281. ஆக நம் எண்ணுக்குக் காரணி இருந்தால் ஒன்றாவது 46340-க்குள் இருந்தாக வேண்டும். அதுவரை 4,792 பகா எண்கள் உள்ளன. பத்து இலக்க எண்ணை 4,792 முறை வகுப்பது ஒருவர் உட்கார்ந்து செய்யக்கூடியதுதான். ஆனால் நடுவில் ஒரு வகுத்தல் தப்பினால் முடிவே தப்பு. எங்கே தப்பியது என்றும் தெரியாது. 1772-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் இதை நிரூபித்தபோது வகுக்க வேண்டியவற்றை ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிட்டார். அந்த வழியில் இரண்டு சல்லடைகள் உண்டு. இரண்டும் பள்ளிக் கணிதத்தைச் சற்றுத் தாண்டினால் புரிபவைதான்.

முதல் சல்லடை. 'ப' என்ற பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ ப-வால் வகுத்தால் மீதி 1. இப்போது 2-இன் அடுக்குகளில் மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு எது? அது 31-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. அடுக்கு 1 என்றால் 2-ஐ ப-வால் வகுத்து மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. எனவே அது 31-தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (ப − 1)-ஆவது அடுக்குக்கும் மீதி 1. எனவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றை எண், ஆகையால் ப − 1 இரட்டை. இரண்டையும் சேர்த்தால் ப = 62க + 1 என்ற வடிவம் கிடைக்கிறது; 'க' ஏதோ ஒரு முழு எண்.

இரண்டாவது சல்லடை. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ப-வால் வகுக்கும்போது மீதி 2 தரும் ஒரு வர்க்க எண் இருக்கிறது. அப்படிப்பட்ட வர்க்கம் இருக்க வேண்டுமானால் ப-வை 8-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும் என்பது நிரூபிக்கப்பட்ட தேற்றம்.

62க + 1-ஐ 8-ஆல் வகுத்து மீதி 1 வர, க என்பது 4-இன் மடங்காக வேண்டும். மீதி 7 வர, க-வை 4-ஆல் வகுத்த மீதி 1 ஆக வேண்டும். முடிவு: ப என்பது 248ம + 1 அல்லது 248ம + 63 வடிவில் மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் முதல் வகையில் 186 எண்கள், இரண்டாவதில் 187, மொத்தம் 373. இவற்றில் பெரும்பாலானவை பகா எண்களே அல்ல: 63, 249, 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் சிறிய காரணிகளாகப் பிரிந்துவிடும். தேறுபவை 311, 1303, 1489 என்று போகும். கடைசி வரை பார்த்தால் 80-ஐச் சுற்றித்தான் இருக்கும்.

அந்த எண்பதையும் பத்து இலக்க எண்ணோடு வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 2-இல் தொடங்கி ஐந்து முறை வர்க்கமாக்கினால் 2³² வரும். ஒவ்வொரு படியிலும் ப-வால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 2 வந்தால் ப ஒரு காரணி. வேறு எது வந்தாலும் இல்லை. முதல் மூன்று வர்க்கங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: 4, 16, 256. 311-க்குப் பாருங்கள். 256 என்பதை 311 − 55 என்று எழுதலாம்; −55-இன் வர்க்கம் 3025; அதில் 311 × 9 = 2799 போக 226, அதாவது −85. அதன் வர்க்கம் 7225; 311 × 23 = 7153 போக 72. இரண்டு வரவில்லை, எனவே 311 காரணி அல்ல. 1489 இன்னும் எளிது: 256-இன் வர்க்கம் 65536; 1489 × 44 = 65516 போக மீதி 20; அதன் வர்க்கம் 400. இதுவும் விழுந்தது. 1303-க்கு 65536-இல் மிஞ்சுவது 386; 386-இன் வர்க்கம் 148996; 1303 × 114 = 148542 போக 454. ஒரு எண்ணுக்கு இரண்டு பெருக்கல், இரண்டு வகுத்தல், அவ்வளவுதான். பொறுமையுள்ள கல்லூரி மாணவர் ஒரு வார இறுதியில் முழு நிரூபணத்தையும் கையால் செய்துவிடலாம். எல்லாப் பகா எண்களுக்கும் 65536-இலிருந்தே தொடங்கலாம் என்பதைக் கவனியுங்கள், வேலை பாதியாகும்.

ஆய்லருக்கு முன்பு இந்த எண்ணைப் பகா எண் என்று சொன்னவர்கள் உண்டு. இத்தாலியரான கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்துப் பார்த்தே நிறுவினார். கூடவே 23, 29, 31, 37 அடுக்குகளும் அப்படித்தான் என்றார். அவற்றில் சரியாக நின்றது 31 மட்டும். 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். இவற்றை ஃபெர்மா 1640-இல் காட்டினார். 2²⁹ − 1 என்பது 233 × 1103 × 2089. 1738-இல் இது பகா எண் அல்ல என்று காட்டியவர் ஆய்லரே. மேலே சொன்ன முதல் சல்லடையை இதில் பொருத்திப் பாருங்கள்: அடுக்கு 29 என்றால் காரணிகள் 58க + 1 வடிவம், 233 = 58 × 4 + 1. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் தந்த பட்டியலிலும் 31 இடம்பெற்றது. அதில் 67, 257 தவறு. 61, 89, 107 விடுபட்டன. எனவே 1772 வரை 31 பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் ஊகம்தான். ஆய்லருக்கு அப்போது 65 வயது, பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதைவிடப் பெரிய பகா எண் எதையும் யாரும் நிறுவவில்லை.

இங்கே புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பகா எண் சோதனைக்கு எல்லாரும் எழுதும் லூப் ஒன்று உண்டு: ஐ-யை 2 அல்லது 3-இல் தொடங்கி, ஐ × ஐ ≤ எண் என்று இருக்கும்வரை வகுத்துக்கொண்டே போவது. ஜாவாவில் 'இன்ட்' வைத்து 2147483647-ஐக் கொடுத்தால் இது தவறான விடை தரும். ஐ 46341 ஆகும்போது வர்க்கம் 2147488281. 32 பிட்டில் அடங்காமல் அது −2147479015 ஆகச் சுருண்டுவிடும். எதிர்ம எண், எனவே நிபந்தனை சரி என்றே நினைத்து லூப் தொடரும். இதோடு நிற்காது. நாம் கொடுத்த எண்ணே 'இன்ட்'டின் உச்சம் என்பதால், எந்த 'இன்ட்' மதிப்பை ஒப்பிட்டாலும் அது சிறியதாகவோ சமமாகவோதான் இருக்கும். நிபந்தனை பொய்யாக வாய்ப்பே இல்லை. ஐ ஏறி ஏறி 2147483647-ஐயே தொடும், அது தன்னைத்தானே வகுக்கும், "பகா எண் அல்ல" என்ற விடை வரும். சி மொழியில் குறியுள்ள எண் இப்படி வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கே உத்தரவாதமில்லை. நிபந்தனையை ஐ ≤ எண் ÷ ஐ என்று மாற்றினால் தீர்ந்தது. அல்லது பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள். உங்கள் நிரல் சரியா என்று பார்க்க மூன்று எண்கள் வைத்துக்கொள்ளலாம்: 2147483629, 2147483647, 2147483659. மூன்றும் அடுத்தடுத்த பகா எண்கள்; நடுவில் வேறு பகா எண் கிடையாது. கடைசி எண் 'இன்ட்'டில் அடங்காது என்பதால் அதுவும் ஒரு நல்ல சோதனை. சல்லடை போட்டு எண்ணினால் 2147483647 என்பது 105097565-ஆவது பகா எண்ணாக வர வேண்டும்.

வகுத்தலே இல்லாத சோதனை ஒன்று பின்னர் வந்தது. லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 1878-இல் தொடங்கி வைத்ததை லெமர் என்ற அமெரிக்கக் கணிதர் 1930-இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழியுங்கள். நம் எண்ணால் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்து, அதாவது 29 முறை செய்து முடிக்கும்போது பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. சிறிய உதாரணம்: 2⁵ − 1 = 31-க்கு மூன்று படி. 4, 14, அடுத்து 194-இல் மீதி 8, அடுத்து 62-இல் மீதி 0.

2³¹ − 1-க்கு முதலில் 4, 14, 194, 37634, 1416317954 என்று வகுக்காமலேயே போகலாம். அடுத்த படியில் வர்க்கமாக்கி 2 கழித்தால் 2005956546822746114. இதைப் பெரிய எண்ணால் வகுக்க வேண்டியதில்லை. 2³¹ என்பது நம் எண்ணைவிட ஒன்றே ஒன்று அதிகம்; எனவே ஒவ்வொரு 2³¹-உம் மீதிக் கணக்கில் 1-க்குச் சமம். 9-ஆல் வகுத்த மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே விதிதான் இது. இருமத்தில் எழுதி கீழ் 31 பிட்டை ஒரு பக்கமும் மேல் பகுதியை ஒரு பக்கமும் வெட்டினால் மேலே 934096307, கீழே 1883058178. கூட்டினால் 2817154485. நம் எண்ணை ஒருமுறை கழித்தால் 669670838. கம்ப்யூட்டரில் இது ஒரு ஷிஃப்ட், ஒரு மாஸ்க், ஒரு கூட்டல். மீதியின் வர்க்கம் 2⁶²-க்குள் அடங்கும் என்பதால் 64 பிட் எண்ணே போதும்.

இடையில் பிழை நேர்ந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. கடைசிப் படியில் பூஜ்யம் வர வேண்டுமானால் அதற்கு முந்தைய மீதியின் வர்க்கம் 2 ஆக வேண்டும். 2³²-இன் மீதி 2 என்று பார்த்தோம். எனவே 28-ஆவது படியில் 65536 அல்லது அதன் எதிர்மறையான 2147418111 வந்தே தீரும். வேறு எண் வந்தால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள். இன்றும் மெர்சென் பகா எண்களை, அதாவது 2-இன் அடுக்கு கழித்தல் 1 வடிவப் பகா எண்களைத் தேடுபவர்கள் இறுதி உறுதிப்பாட்டுக்கு இதே லூக்கா–லெமர் சோதனையைத்தான் ஓட்டுகிறார்கள். 2024-இல் கண்டுபிடிக்கப்பட்ட 2-இன் 136279841-ஆவது அடுக்கு கழித்தல் 1-க்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள்.

செய்யக் கூடாத சோதனையையும் சொல்லிவிட வேண்டும். 'எண் − 1' என்பதை 2-க்கு அடுக்காக ஏற்றி, எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது வேகமான, பரவலான சோதனை. இந்தக் குடும்பத்து எண்களுக்கு அது எதையும் சொல்லாது. 2³¹-க்கு மீதி 1 என்பது எண்ணின் வடிவத்திலேயே இருக்கிறது. 2³¹ − 2 என்பது 31-இன் மடங்கு. எனவே மீதி 1 தானாகவே வந்துவிடும். 2¹¹ − 1 = 2047-க்கும் அப்படியே வரும், ஆனால் அது 23 × 89. அடி எண் 3-ஐ எடுத்துக்கொண்டால் 2047 மாட்டிக்கொள்ளும்: 3-இன் 2046-ஆவது அடுக்கை 89-ஆல் வகுத்தால் மீதி 34, 1 அல்ல.

அடி எண் 7-ஐ எடுத்தால் நிரூபணமே கிடைக்கும். 2147483646-இன் காரணிகள் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. 7-இன் 2147483646-ஆவது அடுக்குக்கு மீதி 1 வருகிறது. அந்த அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 என்று தனித்தனியே வகுத்து ஏற்றிப் பார்த்தால் ஒன்றுக்குக்கூட மீதி 1 வராது. எனவே 7-இன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை எல்லா மீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் 1-க்குத் திரும்புகின்றன. பகு எண்ணுக்கு இத்தனை நீளமான சுற்று வரவே வராது. எட்டே எட்டு அடுக்குக் கணக்கு, முழு நிரூபணம். பைத்தானில் 'பவ்' ஃபங்ஷனுக்கு மூன்று எண்கள் கொடுத்தால் ஒரு நொடிகூட ஆகாது.

இந்தச் சுற்றுதான் பல ஆண்டுகள் கம்ப்யூட்டர்களில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கியது. 7⁵ = 16807; 2147483646-க்கு 5 காரணி அல்ல என்பதால் 16807-உம் முழுச் சுற்றைத் தரும். 1969-இல் முன்வைக்கப்பட்டு, 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்த முறை இது: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதியை எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். பத்தாயிரமாவது எண் 1043618065. உங்கள் நிரலில் இது வராவிட்டால் எங்கோ வழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

32 பிட் மட்டுமே உள்ள கருவியில் பெருக்கினால் வழியும். அதற்கு 127773, 2836 என்ற இரண்டு எண்கள் உதவும்; 16807 × 127773 + 2836 = 2147483647. கையிலுள்ள எண்ணை 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆல் பெருக்கி, ஈவை 2836-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் 2147483647-ஐக் கூட்ட வேண்டும். 282475249-க்கு ஈவு 2210, மீதி 96919. 1628917633-இலிருந்து 6267560 போக 1622650073, மேலே உள்ள அதே எண். தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் என்றென்றும் 0-தான் வரும், அதை மறக்காதீர்கள். 1, 2, 3 என்று அடுத்தடுத்த தொடக்கங்கள் கொடுத்தால் முதல் விடைகள் 16807, 33614, 50421 என்று வரிசையாக வரும், எனவே முதல் சிலவற்றைத் தள்ளிவிட வேண்டும். ஓடிபி, பாஸ்வேர்டு, லாட்டரி எதற்கும் இதைத் தொடவே கூடாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லாருக்கும் தெரியும்.

சரி, உங்கள் முதல் கேள்வி: கம்ப்யூட்டரின் எல்லையாக இருப்பதற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா? இல்லை, தற்செயல்தான். 8, 16, 32, 64 பிட் அளவுகளில் குறிக்கு ஒன்று போக மிஞ்சுவது 7, 15, 31, 63. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கு கழித்தல் 1-உம் கட்டாயம் பகு எண். எனவே 16 பிட்டின் எல்லை 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லை 9223372036854775807 = 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. அடுக்கு பகா எண்ணாக இருப்பதும் போதாது, 2047-ஐப் பார்த்தோம். 7, 31 இரண்டும் தேர்ந்தெடுத்த மாதிரி அமைந்துவிட்டன. இயந்திரத்துக்கு இது பகா எண்ணா என்பது பொருட்டே அல்ல. 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகள் 24,855 நாள், 3 மணி, 14 நிமிடம், 7 நொடியில் இந்த எண்ணைத் தொடும். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, சென்னையிலும் கொழும்பிலும் காலை 8:44:07. அடுத்த நொடியில் அவை, உலகப் பொது நேரப்படி, 1901 டிசம்பர் 13-க்குத் தாவும். உங்கள் அட்டவணையில் நேரத்தை 'இன்ட்'டில் வைத்திருந்தால் மொபைல் எண்ணோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள். 'டைம்ஸ்டாம்ப்' வகையும் மை எஸ்க்யூஎல்-இல் அதே நொடியோடு முடிகிறது, 'டேட்டைம்' பாதுகாப்பு.

கணிதத்தில் இதன் பழைய பெருமை நிறைவெண் வழியாக வந்தது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானாகவே இருக்கும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3. 2-இன் அடுக்கு கழித்தல் 1 பகா எண்ணாக இருந்தால், அதை ஓர் அடுக்குக் குறைந்த 2-இன் அடுக்கால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டியிருக்கிறார். அப்படி 2³⁰ × 2147483647 = 2305843008139952128; எட்டாவது நிறைவெண். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத இந்த வேலையில் யார் இறங்குவார்கள் என்று எழுதினார். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1-ஐ நிறுவினார், 39 இலக்கம்.

2³¹-இன் மறுபக்கத்து எண்ணையும் பாருங்கள். 2³¹ + 1-ஐ 3-ஆல் வகுத்தால் 715827883, அதுவும் பகா எண். இந்த அமைப்பு எல்லா அடுக்குக்கும் வாய்ப்பதில்லை.

31 தானே 2⁵ − 1 என்பதால் 2147483647 இரண்டு அடுக்கு மெர்சென் எண். இப்படிப்பட்ட பகா எண்கள் இதுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. இன்னும் ஒரு படி ஏறி 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் 64 கோடியே 64 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகா எண் அல்ல. 295257526626031 அதை வகுக்கும். முழு எண்ணை எழுதாமலேயே நீங்கள் சரிபார்க்கலாம். ஆய்லரின் சல்லடை அப்படியே பொருந்தும்: 295257526626031 = 2 × 68745 × 2147483647 + 1, 8-ஆல் வகுத்த மீதி 7. 311-க்குச் செய்ததையே செய்யுங்கள்: 2-இல் தொடங்கி, இந்த முறை ஐந்துக்குப் பதில் 31 தடவை வர்க்கமாக்கி, ஒவ்வொரு தடவையும் 295257526626031-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் கடைசியில் 2 வரும். நடுவில் 29 இலக்கம் வரை வர்க்கங்கள் வருவதால் சி, ஜாவாவின் 64 பிட் எண்கள் போதாது. பைத்தானில் செய்யுங்கள், அல்லது 128 பிட் வகையை எடுங்கள்.